மூன்றாவது நிரல்

எங்கள் குடும்பத்தின் சிங்கப்பூர்ப் பயணத்தில் முதல் மாலையையும் அதற்கடுத்த நாளையும் திட்டமிடும் வேலை எனக்குத் தரப்பட்டது. டிக்கட், தங்குமிடம், பணம் எல்லாம் வாப்பாவின் பொறுப்பு. உடுப்பு, மருந்து, வழிக்குச் சாப்பாடு உம்மாவின் பொறுப்பு. அந்த ஒன்றரை நாளை மட்டும் என் தலையில் கட்டிவிட்டு, "நீதானே மகள் உயர்தரம் படிக்கிற, தேடிப் பார்த்து எழுது" என்றார் உம்மா.

கேட்பதற்குச் சிறிய வேலைதான். ஆனால் வாப்பா டோஹாவில் வேலை செய்கிறவர். இரண்டு வருடத்துக்கு ஒரு முறைதான் அவருக்கு விடுமுறை கிடைக்கும். கல்முனையில் வந்து இறங்கினால் கல்யாண வீடு, மௌத்து வீடு, காணி அலுவல், வங்கி அலுவல் என்று அந்த நாட்கள் கரைந்துவிடும். இந்த முறை உம்மாவின் சீட்டுக் காசும் கையில் வந்தது. "பிள்ளைகளோட மூன்று நாள் எங்கயாவது போய் இருப்போம்" என்று உம்மா தொலைபேசியில் சொன்னார். வாப்பா சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு "சரி" என்றார். அடுத்த விடுமுறை வரும்போது நான் எங்கே படித்துக்கொண்டிருப்பேனோ தெரியாது. அதனால் அந்த ஒன்றரை நாளை ஏனோதானோ என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஒரு பழைய கணக்குக் கொப்பியை எடுத்தேன். பக்கத்தை நிரல்களாகப் பிரித்து, முதல் நிரலில் நேரம், இரண்டாவதில் இடம் என்று எழுதினேன்.

நேரத்திலிருந்தே தொடங்குகிறேன். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இரண்டரை மணித்தியாலக் கணக்கு மனப்பாடம். டோஹா நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் பின்னால் இருக்கிறது. வாப்பாவுக்கு அழைப்பு எடுக்கும் ஒவ்வொரு முறையும் அதைக் கழித்துப் பார்த்துத்தான் எடுப்போம். சிங்கப்பூர் நம்மைவிட அதே இரண்டரை மணித்தியாலம் முன்னால் இருக்கிறது. இத்தனை காலமாகக் கழித்த கணக்கை இந்த முறை கூட்ட வேண்டும், அவ்வளவுதான். சிங்கப்பூர் 1982ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தன் கடிகாரத்தை அரை மணித்தியாலம் முன்னே நகர்த்தியது. அது இருக்கும் இடத்தைப் பார்த்தால் சூரியனுக்கும் கடிகாரத்துக்கும் அங்கே ஏறத்தாழ ஒரு மணித்தியால இடைவெளி உண்டு. ஆகவே ஓகஸ்ட் மாதத்தில் மஃரிப் ஏழேகால் அளவில்தான் வரும். சுபஹுக்கு ஆறேகாலுக்கு எழும்பினாலும் போதும், சூரியன் ஏழு மணிக்குப் பிறகுதான் உதிக்கும். ஆனால் நம் உடம்புக்கு அந்த ஆறேகால் என்பது கல்முனையின் அதிகாலை மூன்றே முக்கால். இதை நினைவில் வைக்காமல் போடும் திட்டம் முதல் நாள் காலையிலேயே கவிழ்ந்துவிடும்.

இனி முதல் மாலை. கல்முனையிலிருந்து இரவு எட்டு மணிக்கு வேனில் புறப்பட்டு, விடியுமுன் கட்டுநாயக்க போய், காலை விமானத்தில் ஏறினால் பிற்பகல் இரண்டு மணியளவில் சாங்கியில் இறங்கலாம். பறக்கும் நேரம் நான்கு மணித்தியாலத்துக்குள்தான். ஆனால் முன்னிரவு முழுக்க நால்வரும் சரியாக உறங்கியிருக்க மாட்டோம். அந்த மாலைக்கு வாப்பாவிடம் ஒரு பட்டியல் இருந்தது. மெர்லயன் சிங்கச் சிலை, மரீனா பே வெளிச்சங்கள், தமிழ் முஸ்லிம்கள் 1826இல் தொடங்கிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசல். தம்பியின் பட்டியலில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. இறங்கிய கையோடு யுனிவர்சல் ஸ்டூடியோஸ் வாசலில் சுழலும் பெரிய பூகோள உருண்டைக்கு முன்னால் படம் எடுக்க வேண்டுமாம்.

நான் எல்லாவற்றையும் மூன்றாம் நாளுக்குத் தள்ளினேன். முதல் மாலைக்கு ஒரே ஓர் இடம்தான். கம்போங் கிளாம் பகுதியில் தங்குவது என்று வாப்பா முடிவு செய்திருந்தார். அங்கிருந்து சுல்தான் பள்ளிவாசலுக்கு நடந்தே போகலாம். பள்ளிக்கு எதிரே முர்தபா கடைகள் இருக்கின்றன. மஃரிபுக்குப் பள்ளி, பிறகு சாப்பாடு, பிறகு படுக்கை. இடையில் ஒரு விதி எழுதினேன்: ஒன்பது மணிக்கு முன் யாரும் கட்டிலில் சாயக்கூடாது. சிங்கப்பூர் ஒன்பது மணி நம் ஊரின் ஆறரை மணி. மற்ற நாட்களில் அந்நேரத்துக்கு யாருக்கும் உறக்கம் வராது. ஆனால் முன்னிரவு விழித்த களைப்பு இருந்தால் வரும். அந்தக் களைப்பைப் பிற்பகலில் உறங்கித் தீர்த்துவிட்டால் நள்ளிரவு வரை தம்பி கட்டிலில் குதித்துக்கொண்டிருப்பான்.

அடுத்தது பூங்கா நாள். தம்பி தன் கையாலேயே ஏற வேண்டிய சவாரிகளை எழுதித் தந்தான். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "நான், ராத்தா, வாப்பா" என்று எழுதியிருந்தான். உம்மாவின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. குசினிக்குப் போய் உம்மாவிடம், "நீங்க எதுல ஏறப் போறீங்க?" என்று கேட்டேன். வெங்காயம் வெட்டிக்கொண்டே, "நான் பேக்கப் பாத்துக்கிட்டு இருக்கன். நீங்க மூணு பேரும் ஏறுங்க" என்றார்.

அந்தப் பதில் எனக்குப் புதிதல்ல. பாசிக்குடாவில் நாங்கள் தண்ணீரில் நிற்க, உம்மா கரையில் செருப்புகளுக்குப் பக்கத்தில் இருந்தார். நுவரெலியாவில் நாங்கள் படகில் போக, உம்மா வாங்கிலில் பைகளோடு இருந்தார். எங்கள் பயணப் படங்களில் உம்மா இருப்பது அபூர்வம். இருந்தாலும் மடியில் யாருடையதாவது ஜக்கட் இருக்கும். உம்மாவுக்கு விருப்பமில்லை என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொண்டோம். உம்மாவும் அப்படித்தான் சொல்லுவார். ஆனால் சீட்டுக்கு மாதாமாதம் காசு கட்டியவர் உம்மா.

கொப்பியில் மூன்றாவது நிரல் ஒன்றைக் கீறினேன். அதன் தலைப்பு: யார் யாரோடு.

அந்த நிரலை நிரப்பத் தொடங்கியதும் மற்ற இரண்டும் மாறத் தொடங்கின. முதலில் பைகள். பூங்கா வாசலருகே வாடகைக்குப் பாதுகாப்புப் பெட்டகங்கள் இருக்கின்றன. சிறிய கட்டணம்தான். வேகமான சில சவாரிகளுக்குப் பக்கத்திலும் பெட்டகங்கள் உண்டு, ஏனென்றால் அவற்றில் பொருட்களைக் கையில் கொண்டு ஏற முடியாது. எனவே பைக்குக் காவலாள் தேவையில்லை. இதை உம்மாவிடம் சொன்னபோது, "காசு குடுத்து பேக்க வைக்கிறதா?" என்றார். வாப்பா தொலைபேசியிலிருந்து, "வைப்போம்" என்றார்.

பிறகு உயரம். தம்பிக்கு ஏழு வயது. அவனுக்கு எந்தச் சவாரியும் சரிவராது, அவன் சின்னப்பிள்ளை என்று வாப்பா சொல்லிக்கொண்டிருந்தார். கதவு நிலையில் அவனை நிறுத்தி, தலையில் கொப்பியை வைத்து அளந்தேன். 116 சென்டிமீற்றர். ட்ரான்ஸ்ஃபோமர்ஸ் சவாரிக்கு 102 போதும். ஜுராசிக் பார்க் நீர்ச் சவாரிக்கு 107. மம்மி சவாரிக்கு 122 வேண்டும். பட்டில்ஸ்டார் கலக்டிகா என்ற பெரிய ரோலர் கோஸ்டருக்கு 125. ஆகப் பெரும்பாலானவற்றில் அவன் ஏறலாம். மீதிக்குத் தடித்த அடியுள்ள சப்பாத்துப் போட்டால் என்ன என்று கேட்டான். "உயரத்தக் களவெடுக்க ஏலாது" என்று உம்மா ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

வாப்பா ஊருக்கு வந்திறங்கியபோது அவனுக்கென்று மூன்று சேர்ட் கொண்டு வந்திருந்தார். மூன்றும் கட்டை. இரண்டு வருடத்துக்கு முன் விட்டுப்போன பிள்ளையின் அளவுதான் வாப்பாவின் மனதில் இருந்தது. தொலைபேசித் திரையில் முகம் தெரியும், உயரம் தெரியாது. தம்பியும் வாப்பாவுக்குப் பக்கத்தில் வரக் கூச்சப்பட்டுக் கதவுக்குப் பின்னாலேயே நின்றான். திரையில் ஓயாமல் கதைக்கிறவன், நேரில் ஒரு சொல் பேசவில்லை. அன்றிரவு மூன்றாவது நிரலில் நீர்ச் சவாரிக்கு நேரே "வாப்பா, தம்பி மட்டும்" என்று எழுதினேன்.

பூங்காவில் எதை முதலில் பார்ப்பது என்பதற்கும் காரணம் வேண்டும். யுனிவர்சல் ஸ்டூடியோஸ் ஒரு சிறு வாவியைச் சுற்றி அமைந்தது. வாசலில் ஹொலிவூட், அங்கிருந்து வலப்பக்கமாகப் போனால் நியூயோர்க், அறிவியற் புனைகதை நகரம், பண்டைய எகிப்து, தொலைந்த உலகம், ஷ்ரெக்கின் ஊர் என்று சுற்றிக்கொண்டு, 2025 பெப்ரவரியில் திறந்த மினியன் பகுதி வரை வரலாம். தொலைந்த உலகத்தில் கனொப்பி ஃப்ளையர் என்று ஒரு சவாரி இருக்கிறது. உயரத்தில் தண்டவாளம், அதன் கீழே தொங்கும் இருக்கைகள், கால்கள் காற்றில். ஒரு வண்டியில் நான்கு பேர்தான். இருவர் முன்னோக்கியும் இருவர் பின்னோக்கியும் இருப்பார்கள். நான்கு நான்கு பேராகப் போவதால் வரிசை மிக மெதுவாகத்தான் நகரும். கூட்டம் சேருமுன் போனால்தான் காத்திருக்காமல் ஏறலாம். உயர எல்லையும் 92 சென்டிமீற்றர்தான். எங்கள் வீட்டில் சரியாக நான்கு பேர். பத்து மணிக்கு வாசல் திறந்ததும் வேறெங்கும் நிற்காமல் அங்கே போவது என்று எழுதினேன். மூன்றாவது நிரலில் "நால்வரும்" என்று எழுதி அடிக்கோடிட்டேன்.

மழையையும் கணக்கில் எடுத்தேன். சிங்கப்பூரில் இடி மின்னல் வந்தால் திறந்த வெளிச் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். பெரும்பாலும் அது பிற்பகலில்தான் வரும். எனவே வெளியில் உள்ளவற்றைக் காலையிலும், கூரைக்குக் கீழ் உள்ளவற்றைப் பிற்பகலிலும் வைத்தேன்.

சாப்பாட்டுக்கு அதிகம் அலையத் தேவையில்லை. சிங்கப்பூர் இஸ்லாமிய மன்றம் வழங்கும் ஹலால் சான்றிதழைக் கடை முகப்பிலேயே பார்க்கலாம். பூங்காவின் எகிப்துப் பகுதியில் அப்படி ஓர் உணவகம் இருந்தது. பதினொன்றரைக்கே சாப்பிட்டுவிட்டால் நெரிசல் இராது. நம் வயிற்றுக்கு அது காலை ஒன்பது மணிதான், ஆனால் சுபஹுக்கு எழும்பியவர்களுக்குப் பசிக்கும்.

தொழுகைக்கு எங்கள் இஸ்லாம் பாட ஆசிரியையிடம் கேட்டேன். பயணிகளுக்குள்ள சலுகைப்படி லுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழலாம் என்றார். செந்தோசாத் தீவுக்கு இக்கரையில், ஹார்பர்ஃப்ரண்ட் ரயில் நிலையத்துக்கு அருகே, தெலுக் பிளாங்கா வீதியில் தெமெங்கோங் தாயெங் இப்ராஹிம் பள்ளிவாசல் இருக்கிறது. ஐந்து மணிக்குப் பூங்காவை விட்டு வெளியேறினால் அங்கே ஆறுதலாகத் தொழலாம். பூங்கா ஏழு மணி வரை திறந்திருக்கும். அந்த இரண்டு மணித்தியாலத்தை விட்டுக்கொடுக்கத் தம்பிதான் கடைசி வரை சம்மதிக்கவில்லை.

உடுப்பும் ஒரு விடயம்தான். கால் தொங்கும் சவாரிகளில் செருப்பு கழன்று விழும், எனவே எல்லோருக்கும் கட்டுள்ள சப்பாத்து. ஊசி குத்தும் ஸ்கார்ஃபுக்குப் பதிலாக உம்மாவும் நானும் தைத்த ஹிஜாப் எடுத்தோம். காற்றில் நுனி பறந்து எங்கும் மாட்டிக்கொள்ளாது. அபாயாவுக்குள் காற்சட்டை. பெட்டகத்துக்குள் ஆளுக்கொரு மாற்றுடுப்பு.

திட்டம் இவ்வளவுதான். நாங்கள் போனோம்.

முதல் மாலை எழுதியபடியே நடந்தது. சாங்கியில் அறிவிப்புப் பலகைகளில் தமிழைக் கண்டதும் உம்மா நின்று நின்று வாசித்தார். ஹோட்டலில் தம்பி கட்டிலைப் பார்த்தான், நான் கொப்பியைக் காட்டினேன். ஏழு மணிக்குப் பள்ளிக்கு நடந்தோம். சுல்தான் பள்ளிவாசலின் இப்போதைய கட்டடம் 1932இல் நிறைவுற்றது. அதன் பொன்னிறக் குவிமாடத்தின் அடியைச் சுற்றிக் கறுப்பு வளையம் போல ஒன்று தெரிகிறது. அது கண்ணாடிப் போத்தல்களின் அடிப்பாகங்களால் ஆனது. பள்ளி கட்டக் காசு கொடுக்க முடியாத ஏழைகளுக்கும் அதில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்பதற்காக அவர்களிடம் சேகரித்த போத்தல்கள் அவை. உம்மாவுக்கு அதைச் சொன்னேன். தலையை நிமிர்த்தி நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

முர்தபா பாதி தின்றதும் தம்பிக்குக் கண் சொருகியது. தலை ஒரு பக்கம் சரிந்து வாப்பாவின் தோளில் விழுந்தது. வாப்பா அசையாமல் இருந்தார், தன் தட்டில் மீதியிருந்ததைத் தொடவே இல்லை. பிறகு அவனைத் தூக்கிக்கொண்டு ஹோட்டல் வரை நடந்தார். "நல்ல பாரமாப் போயிட்டான்" என்று மட்டும் சொன்னார். அவரிடமிருந்து பையை வாங்கப் போன உம்மாவை முந்தி நான் வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் புகிஸ் நிலையத்தில் ரயில் ஏறி, ஊட்ரம் பார்க்கில் மாறி, ஹார்பர்ஃப்ரண்டில் இறங்கினோம். விவோசிட்டி கட்டடத்தின் மூன்றாம் மாடியிலிருந்து செந்தோசா எக்ஸ்பிரஸ். போவதற்கு ஆளுக்கு நான்கு டொலர், திரும்பி வரக் கட்டணமில்லை. ஒன்பதரைக்கே வாசலில் நின்றோம். தம்பி உருண்டைக்கு முன்னால் படம் எடுத்தான். பைகளைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டியபோது உம்மா தன் இரு கைகளையும் பார்த்தார். என்ன செய்வதென்று தெரியாதவர் போல அவற்றை ஒன்றோடொன்று கோர்த்துக்கொண்டார்.

கனொப்பி ஃப்ளையர் வரிசையில் எங்களுக்கு முன் சிலர்தான் நின்றார்கள். உம்மா கடைசி நேரத்தில், "நான் இஞ்ச நிக்கிறனே" என்றார். தம்பி கொப்பியை வாங்கி, எழுத்துக்கூட்டி, "நால்-வரும்" என்று வாசித்துக் காட்டினான். முன்னால் உம்மாவும் வாப்பாவும் இருந்தார்கள். நாங்கள் இருவரும் அவர்களுக்கு முதுகு காட்டிப் பின்னோக்கி இருந்தோம். வண்டி மெதுவாக ஏறி, சட்டென்று மரங்களுக்கு மேலே வளைந்து பாய்ந்தது. உம்மாவின் முகத்தை எங்களால் பார்க்க முடியவில்லை. சத்தம்தான் கேட்டது. முதலில் "யா அல்லாஹ்" என்று ஒரு கூச்சல். அதற்குப் பிறகு சிரிப்பு. உம்மா அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. சிறு பெண்பிள்ளை சிரிப்பது போல, மூச்சு வாங்கி வாங்கி, இறங்கும் வரைக்கும். தம்பி என் கையைப் பிடித்து, "அது உம்மாவா?" என்று கேட்டான்.

இறங்கியதும் உம்மா ஹிஜாபைச் சரி செய்துகொண்டு, "இன்னொரு தரம் ஏறலாமா?" என்றார். திட்டத்தில் அதற்கு நேரமில்லை. ஏறினோம். திட்டத்தில் வேறொன்றைக் குறைத்தோம்.

நீர்ச் சவாரியிலிருந்து வாப்பாவும் தம்பியும் தலையிலிருந்து கால் வரை நனைந்து வந்தார்கள். தம்பி இடைவிடாமல் கதைத்துக்கொண்டு வந்தான், வாப்பா இடைக்கிடை "ஓம், ஓம்" என்றார். அதன் பின் அன்று முழுவதும் அவன் பிடித்த கை வாப்பாவின் கைதான். மம்மி சவாரியில் நான் உம்மாவோடு ஏறினேன், வாப்பா தம்பியோடு வெளியில் நின்றார். மூன்று மணிக்கு இடி முழங்கி மழை கொட்டியபோது நாங்கள் ட்ரான்ஸ்ஃபோமர்ஸ் வரிசையில், கூரைக்குக் கீழே நின்றோம். பட்டில்ஸ்டார் கலக்டிகா அன்று எங்களுக்கு வாய்க்கவில்லை. ஐந்து மணிக்குத் தம்பி முணுமுணுத்தபடியே வெளியே வந்தான். பள்ளியில் தொழுதுவிட்டு வராந்தாவில் இருந்தபோது நால்வருக்கும் கால் வலித்தது, ஆனால் ஒருவரும் ஒருவரோடும் சினந்துகொள்ளவில்லை.

இதை வாசிக்கும் சகோதரிகளுக்குச் சிங்கப்பூர்தான் போக வேண்டுமென்பதில்லை. பாசிக்குடாவோ, ஊர்ப் பூங்காவோ, பெருநாள் மாலை கடற்கரையோ, எங்கே போனாலும் ஒரு கொப்பித் தாள் போதும். நேரத்தையும் இடத்தையும் யாரும் எழுதிவிடலாம். எதற்கு எவ்வளவு காசு, எது எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதெல்லாம் தேடினால் கிடைக்கும். ஆனால் உங்கள் வீட்டில் பைகளுக்குப் பக்கத்தில் இருக்கிறவர் யார் என்பதை எந்த இணையத்தளமும் சொல்லாது. அது வீட்டுக்குள் இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும். பெற்றோர்களும் பிள்ளைகளிடம் இந்த வேலையைத் தந்து பாருங்கள். கணக்கு, புவியியல், பொறுமை எல்லாம் அதில் இருக்கிறது.

வாப்பா செப்டெம்பரில் டோஹாவுக்குத் திரும்பிவிட்டார். எங்கள் வீட்டில் மறுபடியும் இரண்டரை மணித்தியாலத்தைக் கழிக்கும் கணக்குத்தான். ஆனால் தம்பி இப்போது மாதத்துக்கு ஒரு முறை கதவு நிலையில் நின்று, என்னை அளக்கச் சொல்லி, வாப்பாவுக்கு அறிவிக்கிறான். சென்ற வாரம் 118. அதை ஒரு தாளில் எழுதி அறைச் சுவரில் ஒட்டி வைத்திருப்பதாக வாப்பா சொன்னார். 125 ஆகும்போது சொல்லச் சொல்லியிருக்கிறார்.